படகுக்கு வந்த கார் எஞ்சினும் அதன் கேம்ஷாஃப்ட்டும்

எஞ்சினின் வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு உயர வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதையெல்லாம் கேம்ஷாஃப்ட்டின் புடைப்புகளே தீர்மானிக்கின்றன. புடைப்பின் வடிவத்தை மாற்றித் தேய்த்தால் எஞ்சினின் குணமே மாறிவிடும். இதை ஒரு தனித் தொழிலாக வளர்த்தது தெற்குக் கலிபோர்னியா. 1920களில் அங்கே பந்தயக் கார்களுக்குக் கேம் தேய்த்துவந்த எட் வின்ஃபீல்டு, தொழில் நுணுக்கத்தை எளிதில் வெளியே விடாதவர். அவரைப் பார்த்துக் கற்ற எட் இஸ்கெண்டேரியன், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒரு சாதாரண கிரைண்டிங் மெஷினைக் கேம் தேய்க்கும்படி மாற்றிக் கடை தொடங்கினார். 1953-ல் ஹார்வி கிரேன், மயாமிக்குச் சற்று வடக்கே ஹாலண்டேலில் இதே தொழிலைத் தொடங்கினார். 1956-ல் மயாமி–நசாவ் கடல் படகுப் பந்தயம் வந்தபோது, கேம் தொழிலும் வேகப் படகும் ஒரே கரையில் இருந்தன.

படகுகளுக்குக் கிடைத்த எஞ்சின் காரிலிருந்து வந்ததுதான். செவர்லேயின் சின்ன வி8 1955-லும், பெரிய வி8 1965-லும் சந்தைக்கு வந்தன. விலை குறைவு, உதிரிபாகம் தாராளம். மெர்குரூசர் போன்ற நிறுவனங்கள் அவற்றையே கடலுக்கேற்ப மாற்றி விற்றன. அதனால் காருக்குத் தேய்த்த கேமையே படகிலும் போடலாம் என்று பலர் நினைத்தது இயல்பு. அது தவறு என்று காட்டியது தண்ணீர்.

படகில் புகைக்குழாயைக் குளிர்விக்க, எஞ்சினைச் சுற்றிவந்த தண்ணீரைப் புகையோடு கலந்தே வெளியேற்றுவார்கள். பந்தயக் கேமில் உள்ளிழுக்கும் வால்வும் புகை வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம், அதாவது ஓவர்லாப், அதிகம். வேகத்தில் அது பலம் தரும். கரையோரம் அலையெழுப்பாமல் ஊர்ந்து போகும்போதோ, உள்பக்க வெற்றிடம் புகையைத் திரும்ப இழுக்கிறது. கூடவே நீர்த்திவலையும் சிலிண்டருக்குள் வருகிறது. எஞ்சினைப் பிரித்தால் புகை வால்வின் தண்டிலும் அது உட்காரும் வளையத்திலும் செந்துரு படிந்திருக்கும். உள்ளே கூடுதலாகத் தண்ணீர் தேங்கிய நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும்.

தீர்வு கணக்கில் இருந்தது. இரு வால்வுகளும் தலா 280 பாகை திறந்திருக்கும் கேமில், புடைப்புகளுக்கிடையே 108 பாகை வைத்தால் ஓவர்லாப் 64 பாகை. 114 வைத்தால் 52. அதனால் படகுக் கேம்களில் 112 முதல் 114 பாகை வழக்கமானது. ஓவர்லாப் கூடிய பெரிய கேம்தான் வேண்டுமென்றால், தண்ணீர் எஞ்சினிலிருந்து தள்ளிக் கலக்கும்படி புகைக்குழாயையே மாற்றவேண்டும். குழாயைப் பார்க்காமல் கேம் வாங்குவது வீண்செலவு.

இன்னொரு சிக்கல் சுமை. சரிவில் உருண்டு இளைப்பாறும் வாய்ப்பு காருக்கு உண்டு, படகுக்கு இல்லை. புரொப்பெல்லர் ஓயாமல் தண்ணீரைத் தள்ளுகிறது. புகை வால்வு நெடுநேரம் தணலாய் இருப்பதால் இன்கோனெல் என்ற நிக்கல் உலோகக்கலவை வால்வுகள் விரும்பப்பட்டன. அலையில் படகு எம்பி புரொப்பெல்லர் காற்றில் சுழன்றால் எஞ்சின் வேகம் ஒரு நொடியில் எகிறும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வால்வு கேமைப் பின்தொடராமல் மிதந்து பிஸ்டனில் மோதும். அதற்காக ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி இறுக்கினால் கேமும் அதன்மேல் ஓடும் டேப்பெட்டும் தேயும். ஆகவே கேம், டேப்பெட், ஸ்பிரிங், ராக்கர் நான்கையும் ஒரே செட்டாக வாங்கும் பழக்கம் வந்தது.

எண்ணெய் அழுத்தமின்றி இயங்கும் கடின ரோலர் டேப்பெட் பந்தயத்துக்கு நல்லது. நெடுநேரம் மெதுவாக ஓடினால் அதன் ஊசி பேரிங்குகள் எண்ணெய் போதாமல் சிதையும். உல்லாசப் படகுகளில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் ரோலர் வேரூன்ற இதுவும் ஒரு காரணம். செவர்லேயின் உரிமையாளரான ஜெனரல் மோட்டார்ஸ் 1987-ல் தன் சின்ன வி8 கார் எஞ்சின்களிலும், 1996-ல் பெரிய வி8-லும் ரோலரை ஆலையிலேயே பொருத்தியது. 2000களில் எஞ்சின் ஆயிலில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மத்தின் அளவு குறைந்தபோது, உரசி ஓடும் தட்டை டேப்பெட் விரைந்து தேய்ந்தது. புதிதாகப் படகு எஞ்சின் கட்டுவோர் பலரும் ரோலருக்கே மாறினர்.