ஆளோடு விற்ற வீடுகள்

போன வருஷம் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டை உரிமையாளர் விற்பனைக்குப் போட்டார். புஞ்சாக் ஆலாமில் மூன்று அறை அடுக்குமாடி வீடு. நானும் இரண்டு நண்பர்களும் இருக்கிறோம். சனிக்கிழமை காலையில் ஏஜெண்டிடமிருந்து வாட்ஸப் வரும். பதினோரு மணிக்கு வீடு பார்க்க ஆள் வருகிறதாம். காயப்போட்ட துணியை அவசரமாக அள்ளி அறைக்குள் போடுவோம். வருகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். எங்களைப் பார்க்க மாட்டார்கள். ஒருவர் மட்டும் என்னைக் காட்டி ஏஜெண்டிடம் கேட்டார்: "இவங்க ஒழுங்கா வாடகை கட்டுறாங்களா?"

உரிமையாளர் நல்ல மனிதர். போன் போட்டு ஆறுதல் சொன்னார். "கவலப்படாதீங்க தம்பி, வாங்குறவரு உங்கள வெச்சிக்குவாரு."

அந்த வாரம் ஈஜோக்கில் பாட்டியைப் பார்க்கப் போனபோது இதைச் சொன்னேன். பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரித்தார். "எங்களையும் இப்படித்தான்டா சொன்னாங்க. புது கம்பெனி வெச்சிக்குமாம்."

பாட்டி பிறந்து வளர்ந்து கல்யாணம் கட்டி என் அப்பாவைப் பெற்றது எல்லாம் ஒரே தோட்டத்து லயத்தில். அந்தத் தோட்டம் ஆளோடு விற்கப்பட்டது. நான் பொறியியல் படித்தவன், வரலாற்று மாணவன் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்புக்குப் பிறகு, எனக்கும் பாட்டிக்கும் நடந்தது ஒன்றுதானா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒன்றில்லை என்பதுதான் நான் கண்டது.

எங்கள் வட்டாரத்திலிருந்தே தொடங்கலாம். ஈஜோக்கிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் போனால் தென்னமரம் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தையின் இப்போதைய பெயர் பெஸ்தாரி ஜெயா. வாசலில் மலாய் எழுத்தில் இருந்தாலும், வாய்விட்டு வாசித்தால் அந்தத் தோட்டத்தின் பெயர் சுத்தத் தமிழ். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே செம்பனை நட்டார். இலக்கிய வாசகர்களுக்கு அவரை வேறு வழியிலும் தெரிந்திருக்கலாம். மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. நாவலுக்குப் பரிசு, மரத்துக்கு வரலாற்றில் இடம். காட்டை அழித்துக் கன்று நட்டு லயத்தில் குடியிருந்தவர்களின் சுவடாக மிஞ்சியது தோட்டத்தின் பெயர் மட்டும்.

லயம் எப்படி வந்தது? முதலாளியின் தயவால் அல்ல. காட்டுக்கு நடுவே வேலை, விடியற்காலையில் பெரட்டு, அதன்பிறகு பால்வெட்டு. ஆள் கூப்பிடு தூரத்தில் இருந்தாக வேண்டும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, வீடும் குடிநீரும் மருத்துவமும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்றது. சுதந்திரத்துக்குப் பிறகு 1966இல் குறைந்தபட்ச வீடமைப்புச் சட்டம் வந்தது. 1990இல் அதற்குப் பதிலாக 446ஆம் சட்டம் வந்தது. இந்தச் சட்டங்களால் கூரையும் கக்கூசும் மேம்பட்டது உண்மை. ஆனால் அடிப்படை மாறவில்லை. வீடு வேலைக்காகத் தரப்பட்டது. வேலை இருக்கும்வரை வீடு.

வாடகையும் கிடையாது. "நாங்க என்னைக்குமே வாடக கட்டுனதில்ல" என்று பாட்டி பெருமையாகச் சொல்வார். சின்ன வயதில் அது எனக்கும் பெரிய சலுகையாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் அதுதான் பொறி. வாடகை கட்டாதவன் குடித்தனக்காரன் ஆக மாட்டான். குடித்தனக்காரன் இல்லையென்றால் வீடு கைமாறும்போது கேட்பதற்கு அவனிடம் ஒன்றும் இருக்காது.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் முத்திரை குத்திய ஒப்பந்தம் இருக்கிறது. இரண்டு மாத முன்பணம் உரிமையாளரிடம் இருக்கிறது. தேசிய நிலச் சட்டப்படி மூன்று ஆண்டுக்கு மிகாத வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யத் தேவையில்லை. நிலத்தின் கிராண்டில் அதைக் குறிப்பாக ஏற்றிவிட்டால் புதிய உரிமையாளரையும் அது கட்டுப்படுத்தும். தவணை முடிந்தும் நான் வெளியேறாவிட்டால்கூட, என் சாமானைத் தூக்கி வெளியே போட உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை, நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். மலேசியாவில் வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. அப்படியும் என் கையில் இவ்வளவு இருக்கிறது. நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்த பாட்டியின் கையில் ஒரு ரசீது கிடையாது.

தோட்டங்களை ஆளோடு விற்பது பெரிய அளவில் நடந்தது 1950களில். கொரியப் போர் நேரத்தில் ரப்பர் விலை ஏறி, பிறகு இறங்கியது. சுதந்திரம் நெருங்கியது. நாளை என்ன ஆகுமோ என்று பயந்த பிரிட்டிஷ் கம்பெனிகள் சில, தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்களில் பலர் இடைத்தரகர்கள். மொத்தமாக வாங்கித் துண்டு துண்டாக வெட்டிச் சில்லறையாக விற்றார்கள். இதைத்தான் நம் பெரியவர்கள் 'தோட்டத் துண்டாடல்' என்றார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றி ஒரு பெரிய ஆய்வே செய்திருக்கிறார்.

துண்டாடலில் ஒரு கணக்கு இருக்கிறது. 100 ஏக்கருக்குக் கீழே போய்விட்டால் புள்ளிவிவரத்தில் அது தோட்டம் இல்லை, சிறுதோட்டம். சிறுதோட்டக்காரருக்கு லயம் எதற்கு, ஆயக்கொட்டகை எதற்கு? வெட்டுக்குக் குத்தகைக்காரர் மூலம் ஆள் பிடித்துக்கொள்வார். நூறு குடும்பங்கள் இருந்த லயத்தைச் சுற்றி நிலம் இருபது பேருக்குச் சொந்தமாகிவிட்டால், குழாயில் தண்ணி வராததற்கு யாரிடம் போய்க் கேட்பது?

இதற்கு எதிராக 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் குரல் கொடுத்தது. இன்னொரு பதில் துன் வீ. தி. சம்பந்தனுடையது. விற்கிறார்களா, நாமே வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. நினைத்துப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது. பால் வெட்டியவர்கள் தோட்டத்துக்கே பங்குதாரர் ஆனார்கள். ஆனாலும் பங்குப் பத்திரம் வேறு, வீட்டுக் கிராண்டு வேறு. தோட்டம் நம்முடையது என்று சொல்ல முடிந்தவர்களால் இந்த வீடு என்னுடையது என்று சொல்ல முடியவில்லை.

பின்னாளில் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு வந்தது. 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள தோட்ட நிலத்தைக் கைமாற்ற, தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்றது. நிலம் துண்டாவதைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. நிலத்தின்மேல் இருந்த குடும்பங்கள் துண்டாவதைத் தடுக்க வரவில்லை. அதே காலத்தில், 1969 மே மாதத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும், சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். பாட்டியின் சின்ன அண்ணன் அதில் ஒருவர்.

அடுத்த பெரிய கைமாற்றம் இங்கே நடக்கவில்லை, லண்டனில் நடந்தது. 1981 செப்டம்பர் 7. பிஎன்பி, அதாவது பெர்மோடாலான் நேஷனல், லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்தில் கத்ரி கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கி முடித்தது. 1821இல் சிங்கப்பூரில் தொடங்கிய பழம்பெரும் கம்பெனி அது. சுமார் 2 லட்சம் ஏக்கர் தோட்டம் மலேசியாவின் கைக்குத் திரும்பியது. 'டான் ரெய்டு' என்று பள்ளியில் படித்திருப்போம். அது பெருமைக்குரிய நாள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 2 லட்சம் ஏக்கரில் லயங்களும் இருந்தன. முதலாளி மாறிய செய்தி அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும்? காலையில் பெரட்டு, கிராணி பேர் கூப்பிட்டிருப்பார், வாளியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போயிருப்பார்கள். 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாயின. 2024இல் அந்தத் தோட்டக் கம்பெனி எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாறியது. அட்டையில் பெயர் சுற்றிச் சுற்றி வருகிறது.

டான் ரெய்டின்போது பிஎன்பியை நிர்வகித்தவர் காலிட் இப்ராஹிம். அவர் ஓட்டுக் கேட்டு வந்தது எங்கள் ஊருக்கு. 2007 ஏப்ரல் 28, ஈஜோக் இடைத்தேர்தல். எனக்கு அப்போது பத்து வயது. திடீரென்று ரோட்டுக்குத் தார் வந்தது, விளக்குக் கம்பம் வந்தது. காலிட் தோற்றார், பாரிசானின் பார்த்திபன் ஜெயித்தார். அடுத்த வருஷமே காலிட் இதே ஈஜோக்கில் ஜெயித்து மந்திரி பெசார் ஆனார். யார் ஜெயித்தாலும் கூட்டங்களில் தோட்டத்து ஆள்களின் வீட்டுப் பிரச்சினை பேசப்பட்டது. பேசப்பட்டது என்றுதான் சொல்ல முடிகிறது.

எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஐந்து தோட்டங்களின் கதை போதும். சுங்கை திங்கி, மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக். 1990களில் இவை பெர்ஜயா குழுமத்தின் கைக்குப் போயின. வீடு தருகிறோம் என்ற வாக்குறுதியோடு அங்கிருந்தவர்கள் காத்திருந்தார்கள். கால் நூற்றாண்டு போனது. புக்கிட் தாகாரில் ஒரு பகுதி குப்பை நிரப்பும் இடமானது. கோலாலம்பூரின் குப்பை இன்று அங்கேதான் போகிறது. தலைநகரத்துக் குப்பைக்கு இடம் கிடைத்துவிட்டது, பால் வெட்டியவர்களுக்குக் கிடைக்கத் தாமதமானது. பெர்ஜயா 20 ஏக்கர் நிலம் தர, அரசாங்க நிதியில் பெஸ்தாரி ஜெயாவில் 245 குடும்பங்களுக்கு வீடு என்று திட்டம் கூடிவந்தது 2020களில்தான். அந்த 245 என்பது தானாக வந்த எண் இல்லை. கூட்டம் போட்டு, மகஜர் கொடுத்து, ஆர்ப்பாட்டம் செய்து, பெயர்ப்பட்டியலை விடாமல் கையில் வைத்திருந்தவர்கள் வாங்கிய எண். பட்டியலில் இருந்த எத்தனையோ பெரியவர்கள் அதற்குள் செத்துப்போனார்கள்.

இனி பாட்டியின் கணக்கு. 1980இல் வந்த ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிகள் என் மேசையில் இருக்கின்றன. வியாபாரம் கைமாறினால் புதிய முதலாளி ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தர முன்வர வேண்டும். "வெச்சிக்குவாங்க" என்பதன் சட்ட வடிவம் அதுதான். தராவிட்டால் பழைய முதலாளி இழப்பீடு கொடுக்க வேண்டும். ஐந்து வருஷமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். பாட்டி வெட்டியது 30 வருஷம், ஆகவே 600 நாள் கூலி. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் இரண்டு வருஷச் சம்பளம்கூட வரவில்லை.

இந்த விதியை ஐந்தாறு முறை படித்தேன். வேலை செய்த நாளுக்குக் கணக்கு இருக்கிறது. குடியிருந்த நாளுக்கு இல்லை. புதிய கம்பெனி ஏழு வருஷம் 'வெச்சிக்கிச்சி'. பிறகு மரத்தை வெட்டி நிலத்தை வீடமைப்புக்குத் திருப்பியது. காசோலை வந்தது, அதோடு வெளியேறச் சொல்லிக் கடிதமும் வந்தது. பாட்டி லயத்தின் பின்னால் தன் சீட்டுப் பணத்தில் தகரம் போட்டு ஒரு குசினி கட்டியிருந்தார். தீபாவளிக்குத் தீபாவளி தன் காசில் சுண்ணாம்பு அடித்தார். புல்டோசர் பின்பக்கமாக வந்ததால் முதலில் போனது அந்தக் குசினிதான். அது எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் வரவில்லை.

"வாடகன்னு மாசம் அஞ்சு வெள்ளியாச்சும் புடிச்சிருந்தா நல்லாருந்துருக்கும்டா" என்றார் பாட்டி. நான் இவ்வளவு படித்துக் கண்டுபிடித்ததை அவர் அடுப்படியில் உட்கார்ந்து ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

என் வீடு விற்றுப்போனது. வாங்கியவர் என்னை வெச்சிக்கிட்டார். ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கிறது, அதை அப்படியே மதிப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முன்பணம் புதியவரின் கணக்குக்கு மாறிவிட்டது என்பதற்கும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏஜெண்டுக்கு என் மேல் கொஞ்சம் எரிச்சல். "இவ்ளோ எதுக்கு பாஸ்?" என்றார்.

அந்தத் தாளை ஈஜோக்குக்கு எடுத்துப் போய்ப் பாட்டியிடம் காட்டினேன். அவருக்கு மலாய் வாசிக்க வராது. கையெழுத்து இருந்த இடத்தை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, பத்திரமா வை என்று திருப்பிக் கொடுத்தார்.