தோல் பந்தும் ஸ்ரீநகர் பசங்களும்

எங்க தேவிபட்டினம் கரையில ஒரு பந்து கண்ணுல பட்டாப் போதும், விளையாடுங்கடான்னு எவனும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 1891-ல் ஸ்ரீநகரில் ஒரு வாத்தியார், மற்ற ஆசிரியர்கள் கையில் கம்பைக் கொடுத்துத்தான் தன் மாணவர்களை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

அவர் பெயர் செசில் டின்டேல் பிஸ்கோ. 1884 படகுப் போட்டியில் கேம்பிரிட்ஜ் அணிக்கு சுக்கான் பிடித்தவர். 1890-ல் ஸ்ரீநகர் மிஷன் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் பண்டிட் வீட்டுப் பிள்ளைகள். நீளமான அங்கி, மரச்செருப்பு, காதில் வளையம். ஓடுவது, குதிப்பது எல்லாம் கௌரவக் குறைச்சல்.

மறு வருஷம் பம்பாய் போய்த் திரும்பியவர் கையில் ஒரு கால்பந்து. இது எதில் செய்ததுன்னு பசங்க கேட்டாங்க. தோல்னு சொன்னதும், 'தீட்டு, தொட மாட்டோம்'னு முடிச்சுட்டாங்க. மனுஷன் விடுவாரா? கரும்பலகையில் மைதானப் படம் போட்டு, யார் எங்கே நிற்கணும்னு விளக்கிவிட்டு, கம்புக்காரர்கள் சூழ ஊர்வலமாகக் கூட்டிப் போனார். அங்கேயும் யாரும் பந்தை உதைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கெடு கொடுத்தார். கெடு முடிந்ததும் கம்புகள் கிளம்பின, ஆட்டமும் ஆரம்பித்தது :-)

நடுவில் ஒரு பையன் முகத்தில் பந்து பட்டுவிட்டது. ஆட்டம் நின்று ஒரே அழுகை. தண்ணீரில் முகத்தைக் கழுவிவிட்டு அழைத்து வரச் சொன்னார் பிஸ்கோ. திரும்ப ஆட்டம்.

முதல் தடவை படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாவது தடவை சிரிப்பு வரவில்லை. நமக்கு இந்தக் கதை பெரும்பாலும் பிஸ்கோ எழுதின எழுத்து வழியாகத்தான் வருகிறது. கம்பைப் பிடித்தவர் சொன்ன கதை. அடிபட்ட பையன் அன்னிக்கு வீட்டுக்குள்ள எப்படி நுழைஞ்சிருப்பான்? அடித்துக் கற்றுக்கொடுப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, நல்லதுக்கே ஆனாலும்.

ஆனால் அந்தத் 'தீட்டு' என்ற சொல்லையும் சும்மா விட்டுவிட முடியாதே. பந்து தீட்டு என்றால் அதைத் தைத்தவனும் தீட்டுத்தான். இதை காஷ்மீர் சமாச்சாரம்னு தள்ளிவிடாதீர்கள். பறையைத் தள்ளி வைத்த நம்ம ஊரில்தான் மாட்டுத்தோல் மிருதங்கம் கோயில் மண்டபம் வரை போனது. மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகம் எழுதியது 2020-ல்தான்!

கால்பந்தோடு பிஸ்கோ நிற்கவில்லை. துடுப்புப் போடுவது படகுக்காரச் சாதியின் வேலை என்று ஒதுங்கியவர்களைப் படகில் ஏற்றினார். நீச்சல் கற்காதவனுக்குப் பள்ளிக் கட்டணத்தை ஏற்றினார் (நம்ம கடலோரப் பசங்க கேட்டா சிரிப்பாங்க!). வெள்ளம், தீ, காலரா என்று ஊருக்கு ஆபத்து வந்தபோது இதே பசங்கதான் உதவிக்கு ஓடியிருக்கிறார்கள். கம்பு தேவைப்படாத ஓட்டம் அது. விதவை மறுமணத்துக்காகவும் பிஸ்கோ பாடுபட்டார்.

1947 வரை அங்கேயே இருந்தார். பிறகு தெற்கு ரொடீசியாவுக்குப் போய், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயில், 1949-ல் காலமானார். பள்ளி அவர் பெயரில் இன்றும் நடக்கிறது. ஸ்ரீநகரில் 2016-ல் தொடங்கிய ரியல் காஷ்மீர் அணி 2018-ல் ஐ-லீக்கில் ஆட வந்தபோது, சொந்த மைதானத்தில் கூட்டம் அள்ளியது.