யாருக்கு எந்த பட்டன்? போடி ஏலக்காய் ஏலம் சொல்லும் கதை

இன்னைக்கு எடுத்திருக்கிற டாபிக் கேக்கவே கொஞ்சம் போர் அடிக்கும். கம்பெனி கம்ப்யூட்டர்ல நீங்க லாகின் பண்ணதும் எந்த மெனு வரணும், எது வரக்கூடாது? அதை யார் முடிவு பண்றாங்க? "உங்களுக்கு அனுமதி இல்லை"ன்னு சிவப்பு எழுத்துல வந்தாத்தான் நம்மள்ல பாதிப் பேர் இதைப் பத்தி யோசிக்கவே செய்வோம்.

ஆனா இதுக்குள்ள ஒரு நல்ல வரலாறு இருக்கு. அதைப் பாக்க பெங்களூரு போக வேண்டாம். தேனி மாவட்டத்துல, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல இருக்கிற போடிநாயக்கனூர் போதும்.

போடியில ஏலம்னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு மலையில விளையற ஏலக்காய். இன்னொண்ணு விலை கேட்டு விக்கிற ஏலம். ரெண்டாவது சொல் போர்ச்சுகீஸ் 'லெய்லாவ்'ல இருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க. முதல் சொல்லுக்கும் அதுக்கும் உறவு இல்லை. ஆனா இந்த ஊர்ல ரெண்டும் ஒண்ணாத்தான் பொழைக்குது. போடிமெட்டு ஏறினா அந்தப் பக்கம் கேரளாவோட இடுக்கி மாவட்டம், ஏலமலை. தோட்டம் அங்க, சந்தை இங்க. தேனி, போடி, கம்பம் பக்கத்துல இருந்து தினமும் ஜீப்புல ஆட்கள் மலையேறி தோட்ட வேலைக்குப் போறாங்க. காய்ஞ்ச ஏலக்காய் மூட்டை மலையிறங்கி வருது.

ஸ்கிரீனுக்கு முன்னாடியே ரோல் இருந்துச்சு

நான் சாப்ட்வேர் எழுதுறவன். எனக்கு இந்தக் கதையில பிடிச்சதே இந்த இடம்தான். போடியில கம்ப்யூட்டர் வர்றதுக்கு 20 வருஷம் முன்னாடியே 'யார் என்ன செய்யலாம்'ங்கிறது எழுதி முடிச்சாச்சு.

1986-ல நறுமணப் பொருள் வாரியச் சட்டம் வந்துச்சு. 1987-ல ஸ்பைசஸ் போர்டு உருவாச்சு. அதுக்கு முன்னாடி ஏலக்காய்க்குன்னே தனியா இருந்த வாரியம் இதுக்குள்ள வந்துடுச்சு. அதே 1987-ல ஏலக்காய் உரிமம், விற்பனை சம்பந்தமான விதிகளும் வந்துச்சு. அந்த விதிகளோட சாரத்தை எங்க பாஷையில சொல்லணும்னா, அது ஒரு ஆக்சஸ் டேபிள்.

விவசாயி பதிவு பண்ணிக்கணும், சரக்கைக் கொண்டு வரணும். ஏலம் நடத்துறவருக்கு ஒரு உரிமம். அவர் சரக்கை வாங்கி வச்சு, லாட் லாட்டாப் பிரிச்சு, ஏலத்துல விட்டு, காசை வசூல் பண்ணி விவசாயிக்குக் கொடுக்கணும். வியாபாரிக்கு வேற உரிமம். அவர் விலை கேக்கலாம், வாங்கலாம். வாரியம் மேல இருந்து பாத்துக்கும். உரிமம் ஆயுசுக்கும் கிடையாது. 3 வருஷப் பிளாக்கா கொடுப்பாங்க, முடிஞ்சா புதுப்பிக்கணும். அதாவது ஒவ்வொரு யூசர் அக்கவுண்டுக்கும் காலாவதி தேதி! இன்னைக்கும் பல கம்பெனியில வேலையை விட்டுப்போனவரோட லாகின் உயிரோட இருக்கிறதை நினைச்சுப் பாருங்க.

கம்ப்யூட்டர் உலகம் அதே இடத்துக்கு வந்த வழி

கொஞ்ச நேரம் போடியை விட்டு வெளியே போயிட்டு வருவோம்.

1960-களோட தொடக்கத்துல அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில சி.டி.எஸ்.எஸ்.னு ஒரு சிஸ்டம். ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையில செஞ்சது. ஒரே மெஷின், பல பேர். ஒருத்தர் ஃபைல்ல இன்னொருத்தர் கை வைக்கக்கூடாதுன்னு ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தாங்க. கம்ப்யூட்டர் பாஸ்வேர்டோட கதை பொதுவா அங்கதான் தொடங்குது.

ஆனா பாஸ்வேர்டு 'நீ யாரு'ங்கிற கேள்விக்கு மட்டும்தான் பதில். 'நீ என்ன செய்யலாம்'ங்கிறது வேற கேள்வி. 1975-ல ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர்னு ரெண்டு பேர் ஒரு கட்டுரையில சில கொள்கைகளைத் தொகுத்தாங்க. ஒண்ணு, ஒருத்தரோட வேலைக்கு எவ்வளவு அதிகாரம் வேணுமோ அவ்வளவு மட்டும் கொடு. இன்னொண்ணை நாம அடிக்கடி மறந்துடுறோம்: பாதுகாப்பு முறை மனுஷனுக்குச் சுலபமா இருக்கணும், இல்லைன்னா அவன் அதைச் சுத்தி வேற வழி கண்டுபிடிச்சுடுவான். மானிட்டர்ல பாஸ்வேர்டை எழுதி ஒட்டி வைக்கிறதை எல்லா ஆபீஸ்லயும் பாத்திருப்பீங்க.

1988-ல ஐ.பி.எம். ஏ.எஸ்./400-ன்னு ஒரு மெஷினை இறக்குச்சு. பேக்டரி, பேங்க், டிரேடிங் கம்பெனி மாதிரி இடங்களுக்கானது. கறுப்பு ஸ்கிரீன், பச்சை எழுத்து. லாகின் பண்ணா நம்பர் போட்ட மெனு வரும். 1 அடிச்சா பில், 2 அடிச்சா சரக்கு இருப்பு, இப்படி. ஒவ்வொரு யூசருக்கும் 'உள்ள வந்ததும் உனக்கு இந்த மெனு'ன்னு முன்னாடியே அமைச்சு வைக்கலாம். அதைத் தாண்டி தன்னிஷ்டத்துக்கு கமாண்ட் அடிக்க முடியாம கட்டிப்போடலாம். குடோன் கிளார்க்குக்கு அவர் வேலை சம்பந்தப்பட்ட ஆறேழு வரி மட்டும்தான் கண்ணுல படும். அவருக்கு நிம்மதி, கம்பெனிக்கும் நிம்மதி.

தலைவலி எங்க வரும்னா, ஆள் கூடும்போது. ஒரு சின்னக் கணக்கு: 100 பேர், 40 ஸ்கிரீன். ஆளுக்கு ஆள் தனித்தனியா முடிவு பண்ணா 4000 முடிவு. ஆபீஸ்ல நிஜமா நடக்கிறது என்ன? புதுசா ஒருத்தர் சேர்ந்தா, "இவருக்கு முன்னாடி இருந்தவருக்கு என்ன இருந்துச்சோ அதையே கொடுத்துடுங்க"ன்னு ஒரு டிக்கெட். முன்னாடி இருந்தவர் நாலு டிபார்ட்மென்ட் மாறி, போன இடமெல்லாம் ஒரு சாவி வாங்கி, எதையும் திருப்பிக் கொடுக்காதவர். அத்தனை சாவியும் புதுப் பையன் கைக்கு வந்துடும்.

1992-ல டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் கூன் ரெண்டு பேரும் இதுக்கு ஒரு ஒழுங்கான மாடல் கொடுத்தாங்க. அதிகாரத்தை ஆளுக்குக் கொடுக்காதே, ரோலுக்குக் கொடு, ஆளை ரோல்ல உக்கார வை. நம்ம கணக்குல 5 ரோல்னா 200 முடிவு, அப்புறம் 100 பேரை எந்த ரோல்னு சொல்லணும். மொத்தம் 300. 4000 எங்க, 300 எங்க!

இப்போ திரும்ப போடிக்கு வாங்க. விவசாயி, ஏலம் நடத்துறவர், வியாபாரி, வாரியம். இந்த மாடல் வர்றதுக்கு 5 வருஷம் முன்னாடியே அதே வேலையை ஒரு அரசாங்க விதி செஞ்சு வச்சிருந்துச்சு.

2007: கூவல் போய் பட்டன் வந்துச்சு

பழைய ஏலம் வாயால நடந்தது. ஏலம் நடத்துறவர் விலையைக் கூவ, வியாபாரிங்க ஏத்திக் கேக்க, கடைசிக் குரல் யாரோடதோ அவருக்கு லாட். யார் முதல்ல கேட்டாங்க, எந்தக் குரல் காதுல விழலைங்கிறதெல்லாம் நடத்துறவரோட காதைப் பொறுத்தது.

2007-ல ஸ்பைசஸ் போர்டு போடியிலயும், இடுக்கியில வண்டன்மேட்டுலயும் மின்னணு ஏலத்தைக் கொண்டு வந்துச்சு. பிறகு கேரளப் பக்கத்து ஏலம் புத்தடியில இருக்கிற ஸ்பைசஸ் பார்க்குக்குப் போச்சு. கம்பத்துல இருந்து கம்பம்மெட்டு ஏறினா அந்தப் பக்கம்தான். ஹால்ல வியாபாரிங்க முன்னாடி டெர்மினல். லாட் நம்பர், எடை, இப்போதைய விலை ஸ்கிரீன்ல. ஏத்திக் கேக்கணுமா, பட்டனை அழுத்து.

பல வருஷம் வாயால வியாபாரம் பண்ணவங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தாங்க. அது ஓடினதுக்குக் காரணம் கம்ப்யூட்டர் அறிவு இல்லைங்கிறது என் கருத்து. அந்த ஸ்கிரீன் அவங்ககிட்ட புதுசா எதையும் கேக்கலை. ஏற்கெனவே இருந்த உரிமம் லாகின் ஆச்சு, ஏற்கெனவே இருந்த குரல் பட்டன் ஆச்சு.

இன்னொண்ணையும் கவனிங்க, அவங்க எதை ஸ்கிரீனுக்குள்ள கொண்டு வரலைன்னு. ஏலக்காயோட தரம்! நிறம், பருமன், வாசனை. சாம்பிள் காய் வியாபாரி கைக்குத்தான் போகும். உள்ளங்கையில கொட்டி, உருட்டி, உரிச்சு, முகர்ந்து பாத்துட்டுத்தான் அவர் பட்டன் பக்கம் போவார். தரத்துக்கு 20 கட்டம் போட்டு நிரப்பச் சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மெனுவைச் சுருக்கிறதுன்னா வரிகளைக் குறைக்கிறது மட்டும் இல்லை. கைக்கு விட வேண்டியதைக் கைக்கே விடுறதும் அதுல சேர்த்தி.

பட்டன் இல்லாதவர்

இதுவரைக்கும் நல்ல கதை. ஆனா ஒரு கேள்வி பாக்கி இருக்கு. ஏலக்காய் யாரோடது? விவசாயியோடது. அந்த ஹால்ல விலை ஏத்துற பட்டன் யார்கிட்ட? வியாபாரிகிட்ட.

இது தப்புன்னு சொல்லலை. விக்கிறவரே தன் சரக்குக்கு விலை ஏத்திக் கேட்டா அது ஏலமே இல்லை. பேங்க்ல ஒருத்தர் என்ட்ரி போடணும், இன்னொருத்தர் சரிபார்த்து பாஸ் பண்ணணும்னு வச்சிருக்காங்களே, அதே நியாயம்தான். ரெண்டு பக்கமும் ஒரே கை இருக்கக்கூடாது.

ஆனா அந்த நியாயம் ரெண்டு பக்கமும் பொருந்தணும் இல்லையா? ஏலத்துல வாங்கின காயே திரும்ப ஏலத்துக்கு வருதுங்கிறது விவசாயிகளோட ரொம்ப நாள் புகார். வாங்குறவர் பக்கத்துல இருந்தே சரக்கு விக்கிற பக்கம் சுத்தி வந்தா வரத்து பெருசாத் தெரியும், விலை இறங்கும்ங்கிறது அவங்க வாதம். லாகின் ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு வச்சாலும் மூட்டைக்கு லாகின் கிடையாது. ரோல் சுத்தமா இருக்கிறதும் வியாபாரம் சுத்தமா இருக்கிறதும் ஒண்ணு இல்லைங்கிறதுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியலை.

அப்போ விவசாயிக்கு என்னதான் கிடைச்சுது? பார்வை கிடைச்சுது. ஸ்பைசஸ் போர்டு வெப்சைட்ல ஒரு அட்டவணை இருக்கு. தேதி, ஏலம் நடத்தினது யார், எத்தனை லாட், வந்த எடை, வித்த எடை, அதிகபட்ச விலை, சராசரி விலை. பாஸ்வேர்டு வேண்டாம், உரிமம் வேண்டாம், மெனுவே வேண்டாம். யார் வேணும்னாலும் பாக்கலாம்.

இதோட மதிப்பு 2019-ல நல்லாத் தெரிஞ்சுது. 2018 வெள்ளத்துல தோட்டங்கள் அடிபட்டு, அடுத்து மழையும் தள்ளிப்போய், வரத்து குறைஞ்சு, ஆகஸ்ட் 2019-ல புத்தடி ஏலத்துல ஒரு லாட் கிலோ 7000 ரூபாயைத் தொட்டுச்சு. செய்தியில 7000-ங்கிற நம்பர்தான் ஓடுச்சு. ஆனா அது ஒரு லாட்டோட விலை. தோட்டக்காரர் வீட்டுக்கு வர்ற காசு அதிகபட்ச விலையைவிட சராசரிக்குத்தான் பக்கத்துல இருக்கும். ரெண்டு நம்பரும் பக்கத்துப் பக்கத்துல இருக்கிறதாலதான் அவர் நிதானமாப் பேரம் பேச முடியும். 'பார்க்க மட்டும்' அனுமதியை நாம சாதாரணமா நினைக்கிறோம். இல்லாதவனைக் கேட்டாத்தான் அருமை தெரியும்.

மலைக்கு ரெண்டு பக்கமும்

கடைசியா ஒரு திருப்பம். 2020 மார்ச்ல ஊரடங்கு வந்து ஏலம் நின்னு போச்சு. மே கடைசியில திரும்பத் தொடங்கினப்போ ஒரு பிரச்சினை. போடிக்கும் புத்தடிக்கும் நடுவுல ஒரு மாநில எல்லை. தாண்ட பாஸ் வேணும். கையில உரிமம் இருக்கு, லாகின் இருக்கு, ஆனா ஹாலுக்குப் போக முடியலை. அதிகாரம் ஆளோட இல்லாம நாற்காலியோட கட்டியிருந்ததுதான் சிக்கல்.

ஜனவரி 2021-ல கிளவுட் முறைக்கு மாத்தினாங்க. போடியில உக்காந்து புத்தடி ஏலத்துல கேக்கலாம், அங்கிருந்து இங்கேயும் கேக்கலாம். மெனு மாறலை, ரோல் மாறலை. உக்கார்ற இடம் மட்டும் ரெண்டாச்சு. ஒரு பக்கத்துச் சரக்குக்கு ரெண்டு பக்கத்து வியாபாரியும் போட்டி போட்டா அது விவசாயிக்கு நல்லதுதானே!

ஆக, நீங்க நாளைக்கு ஏதாவது ஒரு சிஸ்டத்துக்கு மெனு வரைய உக்காந்தா, முதல்ல ஸ்கிரீனை மூடி வச்சுட்டு அந்தத் தொழில்ல யார் யார் இருக்காங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. எழுதி முடிச்சதும், லாகின் கிடைக்காமப் போற ஆளைத் தேடுங்க. ஏன்னா பெரும்பாலும் சரக்கு அவரோடதா இருக்கும். அவருக்கு பட்டன் கொடுக்க முடியாம இருக்கலாம். கணக்கையாவது கண்ணுல காட்டுங்க.

அடுத்த எபிசோட்ல பாப்போம் மக்களே.