கார் பேட்டரி மின்னேற்ற அமைப்பின் வரலாறு

கார் பேட்டரிக்கு அடிப்படையான ஈய-அமில மின்கலத்தை 1859ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு இயற்பியலாளர் காஸ்டன் பிளாண்டே உருவாக்கினார். மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தக்கூடிய முதல் மின்கலம் இதுவாகும்.

தொடக்கக்காலக் கார்களில் எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றியே இயக்கினர். கைப்பிடி திருப்பி அடித்ததால் கை முறிந்தவர்களும் உண்டு. சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912இல் காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. அதன்பின் பேட்டரியும், கார் ஓடும்போதே அதற்கு மின்னேற்றும் டைனமோவும் இன்றியமையாதவை ஆயின.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ தரும் மின்சாரம் போதவில்லை. சிலிக்கான் டயோடுகள் வந்தபின் இக்குறை நீங்கியது. 1960இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் வேலியன்ட் கார் ஆல்டர்னேட்டருடன் வெளிவந்தது. பின்னர் பிற நிறுவனங்களும் அதற்கு மாறின.

ஆல்டர்னேட்டர் தரும் மின்னழுத்தத்தை ரெகுலேட்டர் கட்டுப்படுத்துகிறது. எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் ஏறத்தாழ 14 வோல்ட் இருக்க வேண்டும். ரெகுலேட்டர் பழுதாகி இது 15 வோல்ட்டைத் தாண்டினால், பேட்டரியிலுள்ள நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். அவ்வாயுக்களுடன் அமிலமும் மூடித் துளைகள் வழியே வெளியேறும்.

எனவே அமிலக் கசிவுக்குப் பேட்டரிப் பெட்டியின் விரிசல் மட்டுமே காரணமன்று. வோல்ட்மீட்டரால் மின்னேற்றத்தைச் சோதிக்காமல் பேட்டரியை மட்டும் மாற்றினால், புதிய பேட்டரியும் விரைவில் கெடும். வெளியேறும் ஹைட்ரஜன் வெடிக்கக்கூடியது. சோதனையின்போது அருகில் தீப்பொறி கூடாது.