இளரத்தத்துக்கு ஒன்றும் ஆகாதா?

சென்ற வாரம் வீட்டில் ஃப்ளூ தடுப்பூசி பற்றிப் பேச்சு வந்தது. கல்லூரியில் படிக்கும் பையன், "எனக்கு எதுக்குப்பா? வயசானவங்க போட்டுக்கட்டும், நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றான். அவனைத் திட்டவில்லை. அந்த வயதில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதற்குப் பதிலாக அவனுக்கு விழிஞ்ஞம் கதையைச் சொன்னேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

நாகர்கோவில் பக்கத்துக்காரர்களுக்கு விழிஞ்ஞம் வேற்றூர் இல்லை. 1956 வரை இரண்டும் ஒரே திருவிதாங்கூர். ஆய் மன்னர்கள் ஆண்ட பழைய துறைமுகம். இன்றும் கடலை நம்பித்தான் ஊர் இருக்கிறது. அந்தக் கடற்கரையில் இளைஞன் என்றால் உடம்பில் வலுவுள்ளவன் என்றுதான் அர்த்தம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருவனந்தபுரக் கடற்கரையிலிருந்து லாரியில் வள்ளங்களை ஏற்றிக்கொண்டு போய் ஜனங்களைக் காப்பாற்றியவர்கள் இவர்கள்தான். கேரளத்தின் சொந்த ராணுவம் என்று முதல்வர் பினராயி விஜயன் பாராட்டினார்.

கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்து, 2020 ஜூலையில், அதே கடற்கரை அடைக்கப்பட்டது. விழிஞ்ஞத்துக்கு வடக்கே, கோவளம் தாண்டி, பூந்துறை. மீன் வியாபாரம் வழியாக அங்கே கொரோனா பரவியது. 5 நாளில் 600 பேரைச் சோதித்ததில் 119 பேருக்குத் தொற்று. கமாண்டோக்கள் இறக்கப்பட்டார்கள். ஜனங்கள் தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள். ஜூலை 17 அன்று பூந்துறையிலும், விழிஞ்ஞத்துக்குத் தெற்கே புல்லுவிளையிலும் சமூகப் பரவல் என்று முதல்வர் அறிவித்தார். மாவட்டத்தின் கடற்கரையையே மூன்று மண்டலங்களாகப் பிரித்தார்கள். இரண்டாவது மண்டலம் விழிஞ்ஞத்தில் முடிந்தது, மூன்றாவது விழிஞ்ஞத்தில் தொடங்கியது.

வலை இழுக்கும் பையனுக்கு கொரோனாவால் பெரிய ஆபத்து உண்டா? மிகக் குறைவு என்பதுதான் நேர்மையான பதில். வயது ஏற ஏறத்தான் அந்த நோயில் சாவு கூடியது. இந்தியாவின் முதல் நோயாளியே 2020 ஜனவரி 30 அன்று திருச்சூரில் கண்டறியப்பட்ட ஒரு மாணவிதான், வூஹானிலிருந்து திரும்பியவர். அவர் குணமாகிவிட்டார்.

"அப்போ நான் சொன்னது சரிதானே?" என்றான் பையன். கொஞ்சம் பொறு என்றேன்.

1918. முதல் உலகப்போர் முடியும் நேரம். படைவீரர்களோடு கப்பல் வழியாக ஃப்ளூ பம்பாய்க்கு வந்தது. ஜூனில் வந்த முதல் அலை லேசானது. செப்டம்பரில் வந்த இரண்டாவது அலைதான் கொன்றது. இந்தியாவில் மட்டும் 1.2 கோடியிலிருந்து 2 கோடி பேர் வரை இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். இதில் ஒரு விசேஷம் உண்டு. வழக்கமான ஃப்ளூ குழந்தைகளையும் கிழவர்களையும்தான் கொண்டுபோகும். இது 20 முதல் 40 வயதுக்காரர்களைக் கொண்டுபோனது. ஹிந்திக் கவிஞர் நிராலா இருபது வயதைக் கடந்த வாலிபத்திலேயே மனைவியையும் குடும்பத்தில் பலரையும் பறிகொடுத்தார்.

நம் தென்கோடிக்கு அடி குறைவு. திருவிதாங்கூரின் ஜனத்தொகை 1911ல் சுமார் 34 லட்சம், 1921ல் சுமார் 40 லட்சம். இந்தியா முழுக்க ஜனத்தொகை குறைந்த அந்தப் பத்தாண்டில் இங்கே கூடியிருக்கிறது. அதனாலோ என்னவோ, நம் பக்கத்துப் பாட்டிகள் கதையில் காலராவும் அம்மையும் வரும், இந்த ஃப்ளூ வராது.

ஏன் இளைஞர்கள்? ஆய்வாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். முதியவர்கள் சின்ன வயதில் அதேபோன்ற கிருமியைச் சந்தித்திருக்கலாம், அது அவர்களைக் காத்திருக்கலாம். வலுவான உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அளவு மீறி நுரையீரலைக் கெடுத்திருக்கலாம். பின்னால் வந்த நிமோனியாவுக்கு அன்று மருந்தும் கிடையாது.

2009 பன்றிக் காய்ச்சலிலும் கிட்டத்தட்ட இதே கதை. 60 தாண்டியவர்கள் பலரிடம் பழைய எதிர்ப்புச் சக்தி மிச்சம் இருந்தது. இந்தியாவில் முதலில் இறந்தது ஆகஸ்ட் 3 அன்று பூனாவில், 14 வயதுச் சிறுமி. கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து அதிகமாக இருந்தது.

ஆக, "இளைஞனுக்கு ஆபத்து உண்டா" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. 1918ல் ஒரு பதில், 2020ல் வேறொரு பதில். எந்த நோய் என்று தெரியும் முன்னாலேயே "எனக்கு ஒன்றும் ஆகாது" என்பது தைரியம் இல்லை, குருட்டு நம்பிக்கை. 2021ன் இரண்டாவது அலையையும் மறக்க வேண்டாம். நூற்றுக்குச் சொற்பம் என்றாலும், கோடிக்கணக்கானவர்களுக்குத் தொற்றும்போது அந்தச் சொற்பமே ஆயிரக்கணக்கில் வந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. கடற்கரை வீடுகள் நெருக்கமானவை. ஒரே கூரையின் கீழே பையன், அம்மா, பாட்டி. கடலுக்குப் போய்வந்த பேரனுக்கு இரண்டு நாள் ஜலதோஷம், அதே கிருமியால் பாட்டிக்கு ஆஸ்பத்திரி. அவனுடைய ஆபத்தை அவன் வயதை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது. வீட்டிலேயே மூத்தவரின் வயதையும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான். "டிசம்பர்ல ஊருக்குப் போறோம்ல... ஆச்சிக்கு இப்ப எத்தனை வயசு?"

எண்பத்தி இரண்டு என்றேன்.