சத்தமில்லாத ஏலம்: சீட்டுக் கட்டுக்கு ஒரு மாற்று

எங்கள் பக்கத்தில் ஒரு நல்ல காரியத்துக்குக் காசு சேர்க்க வேண்டுமென்றால் முதலில் அச்சடிக்கப்படுவது அதிர்ஷ்டலாபச் சீட்டுத்தான். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு முன்பள்ளியின் கூரைக்காக நானும் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு வீரமுனையிலிருந்து சம்மாந்துறைக் கடைகளுக்குப் போனேன். நன்கு தெரிந்த ஒரு கடைக்காரக் காக்கா 500 ரூபாவைத் தந்தார். சீட்டை மட்டும் வாங்கவில்லை. "தங்கச்சி, காச வெச்சுக்கங்க. சீட்டு நமக்குச் சரிவராது" என்றார்.

குலுக்கலில் பரிசு விழும் சீட்டைச் சூதாட்டமாகவே பெரும்பாலான முஸ்லிம்கள் பார்க்கிறார்கள். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, சம்மாந்துறை என்று முஸ்லிம் ஊர்கள் சூழ்ந்திருக்கும் இடத்தில் சீட்டு அச்சடிப்பது, அயலவரில் பெரும்பாலானோரை வாசலிலேயே நிறுத்திவிடுவதற்குச் சமம். அடுத்த முறை நாங்கள் சீட்டைக் கைவிட்டு மௌன ஏலத்துக்கு மாறினோம். அதில் கற்றதையும் பட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

ஏலம் நமக்குப் புதிதல்ல

ஜும்ஆ முடிந்ததும் நேர்ச்சையாக வந்த தேங்காயும் கோழியும் பள்ளிவாசல் முற்றத்தில் ஏலம் போவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கோயில்களில் மாம்பழமும் அம்மனுக்குச் சாத்திய சேலையும் ஏலம் போகும். உதவி கேட்டு வந்த ஓர் ஏழையின் வீட்டிலிருந்த விரிப்பையும் கிண்ணத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) ஏலத்தில் விற்றுக்கொடுத்த சம்பவம் அபூதாவூத் தொகுப்பில் இருக்கிறது. ஒருவர் ஒரு திர்ஹம் கேட்டார், இன்னொருவர் இரண்டு திர்ஹம் கொடுத்து வாங்கினார். ஒரு திர்ஹம் உணவுக்கும் மற்றது கோடரிக்கும் போனது. அந்தக் கோடரியால் விறகு வெட்டி விற்று அவர் பிழைத்துக்கொண்டார்.

சத்தமாக நடக்கும் ஏலத்தில் விலையை ஏற்றுவது பெரும்பாலும் கௌரவம். ஹைதராபாத் பாலாப்பூரில் விநாயகர் லட்டு 1994இல் 450 ரூபாவுக்குப் போனது. 2024இல் 30 இலட்சம் இந்திய ரூபாவைத் தாண்டியது. ஆனால் கூட்டத்தில் குரல் கொடுக்கக் கூச்சப்படுபவர்களும், சிறிய தொகையைச் சொல்ல வெட்கப்படுபவர்களும், பெரும்பாலான பெண்களும் அங்கே வெறும் பார்வையாளர்கள்தான். மௌன ஏலம் இவர்களுக்கும் இடம் தருகிறது. பொருட்கள் மேசையில் இருக்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தாள் இருக்கும். விரும்பியவர் தன் இலக்கத்தையும் தொகையையும் எழுதுவார், அடுத்தவர் அதற்குக் கீழே கூட்டி எழுதுவார். நேரம் முடியும்போது கடைசி வரியில் இருப்பவருக்குப் பொருள்.

என்ன பொருள் கேட்பது?

எல்லாம் அன்பளிப்பாக வர வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பொருளை வைத்தால் இலாபம் அதிலேயே கரைந்துவிடும். இரண்டு விருந்தினருக்கு ஒரு பொருள் என்பது நல்ல கணக்கு. பொருள் கூடினால் போட்டி குறையும்.

மருதமுனைக் கைத்தறிச் சேலை, பன்பாய், ஒரு மூட்டை அரிசி, எருமைத் தயிர் என்று ஊர்ப் பொருளிலிருந்து தொடங்குங்கள். பொருளை விடச் சேவைக்குக் கிராக்கி அதிகம். ஒரு ஏக்கர் வயலை உழுது தருவது, ஒரு மாதக் கணித வகுப்பு, ஒரு கல்யாணத்துக்குப் புகைப்படம் எடுப்பது போன்றவற்றைக் கேட்டுப் பாருங்கள். கொடுப்பவருக்குக் கைக்காசு செலவில்லை. பொருளுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தால் அதையும் எழுதி வையுங்கள். 2011 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் தோனி பிடித்த மட்டை, அதே வருடம் லண்டனில் நடந்த ஒரு நிதி சேகரிப்பில் 100,000 பவுணுக்குப் போனது. அந்த விலையை மரத்துக்கு யாரும் கொடுக்கவில்லை.

தாளில் இருக்க வேண்டியவை

பொருளின் இலக்கம், விபரம், அன்பளித்தவர் பெயர், சந்தை விலை, ஆரம்ப விலை, ஆகக் குறைந்த ஏற்றம். ஆரம்ப விலை சந்தை விலையில் பாதிக்கு மேல் போகக் கூடாது. 6,000 ரூபாச் சேலையை 2,500 அல்லது 3,000இல் தொடங்கி, ஏற்றத்தை 300 என்று வைக்கலாம். நாங்கள் முதல் தடவை ஏற்றத்தை எழுத மறந்துவிட்டோம். ஒரு பாய்க்கு இருவர் பத்துப் பத்து ரூபாவாகக் கூட்டித் தாளை நிரப்பிவிட்டார்கள்.

வாசலிலேயே ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் உங்கள் கொப்பியில் மட்டும் இருக்கட்டும். தாளில் இலக்கம் மட்டும் இருந்தால், யார் எவ்வளவு எழுதினார் என்ற பேச்சு ஊரில் எழாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் உச்சத் தொகையை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அவர்களுக்காக எழுத ஒரு தொண்டரை நியமியுங்கள். ஒவ்வொரு தாளிலும் பேனையைக் கட்டி வையுங்கள். இது சின்ன விஷயம்தான், ஆனால் பேனை தேடுபவர் எழுதாமலே போய்விடுவார்.

நாள், நேரம், முடிவு

வெள்ளி நண்பகல், நோன்பு மாதம், கோயில் திருவிழா நாட்களைத் தவிர்த்து, இரு சமூகமும் தயங்காமல் வரக்கூடிய பொது மண்டபத்தைப் பிடியுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். எல்லா மேசைகளையும் ஒரேயடியாக மூடாமல் 15 நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக மூடுங்கள். முதல் மேசையில் தோற்றவர் அடுத்த மேசைக்குப் போவார். மணி அடித்ததும் தொண்டர் கடைசி வரியை வட்டமிட்டுத் தாளை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எவருக்கும் விதிவிலக்கு இல்லை.

வாங்கும் எண்ணமில்லாமல் விலையை மட்டும் ஏற்றுவதை இஸ்லாம் 'நஜ்ஷ்' என்று தடுக்கிறது. எங்கள் ஏலத்தில் ஒருவர் நல்லெண்ணத்தில்தான் இப்படி எழுதினார். கடைசியில் பொருள் அவர் தலையிலேயே விழுந்தது, காசு வரவில்லை. அதனால் எழுதிய தொகைக்கு எழுதியவரே பொறுப்பு என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். ஏற்பாட்டுக் குழுவினர் எழுதாமல் இருப்பது நல்லது.

கணக்கு

இதுதான் முக்கியமானது. வீரமுனைக்கு 1990 மறக்காது. அந்த ஆகஸ்டில் எங்கள் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். இந்த நினைவுகளைச் சுமந்த இரு தரப்பும் சேர்ந்து காசு போடும் இடத்தில், கணக்கில் 100 ரூபா குறைந்தால் பேச்சு அந்த 100 ரூபாவோடு நிற்காது.

எனவே பணப் பொறுப்பில் இரு சமூகத்திலிருந்தும் ஒவ்வொருவர் இருக்கட்டும். காசைப் பொது வங்கிக் கணக்கிலேயே போடுங்கள், ஒவ்வொருவருக்கும் பற்றுச்சீட்டு கொடுங்கள். ஒரு வாரத்துக்குள் வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் ஒட்டுங்கள்.

நாங்கள் ஒட்டிய அந்தத் தாளை, சீட்டு வாங்காத அதே காக்கா நின்று வாசித்தார். ஏலத்தில் அவர் ஒரு பாய் எடுத்திருந்தார். "அடுத்த முறை கடைக்கு வாங்க, நானும் சாமான் தாறன்" என்றார்.