அட்லாண்டிக்கில் 618 படிகள்

சென்ற வாரம் எகிப்தின் மணல்வெளியில் புனித அந்தோணியாரைப் பார்த்தோம். ஆள் அரவமற்ற இடத்தில் கடவுளைத் தேடும் அவருடைய வழி சில நூற்றாண்டுகளில் அயர்லாந்தை எட்டியது. அங்கே ஒதுங்கிப் போகப் பாலைவனம் ஏது? துறவிகள் கடலுக்குள் இறங்கினார்கள்.

அயர்லாந்தின் தென்மேற்கில், கெர்ரி மாவட்டக் கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் ஸ்கெல்லிக் மைக்கேல் என்ற பாறைத்தீவு இருக்கிறது. 218 மீட்டர் உயரம். கால் வைக்க ஒரு பிடி மணற்கரை கிடையாது. இரண்டு சிகரங்கள், நடுவே ஒரு பள்ளம். வடகிழக்குச் சிகரத்தையொட்டி, கடலிலிருந்து ஏறக்குறைய 180 மீட்டர் உயரத்தில் மடம். இன்று அங்கே நிரந்தரமாக வசிப்பவர் எவரும் இல்லை.

மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் முடிய, போர்ட்மகீ போன்ற கரையோர ஊர்களிலிருந்து சிறிய படகுகள் புறப்படும். அதுவும் கடல் ஒத்துழைத்தால்தான். மாதக்கணக்கில் முன்பதிவு செய்து காத்திருந்தவர்கள்கூட அலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதுண்டு. தீவில் இறங்கியதும் வழிகாட்டிகள் எச்சரிக்கை சொல்லித்தான் மேலே விடுவார்கள். கழிவறை இல்லை, கடை இல்லை, படிகளில் பெரும்பாலும் கைப்பிடியும் இல்லை. 618 படிகள். துறவிகள் அடுக்கி வைத்த கற்கள்மேல்தான் இன்றும் ஏற வேண்டும். 2009இல் இரண்டு பயணிகள் தவறி விழுந்து இறந்தார்கள். அந்த எச்சரிக்கையைச் சடங்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மடத்தை நிறுவியவர் புனித ஃபினான் என்பது மரபுவழிச் செய்தி. 6ஆம் நூற்றாண்டுக்கும் 8ஆம் நூற்றாண்டுக்கும் இடையே அது தோன்றியிருக்க வேண்டும். ஒரு தலைவரும் பன்னிரண்டு துறவிகளும் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

ஸ்கெல்லிக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் துறவையும் தனிமையையும் சொல்லி நெகிழ்வார்கள். எனக்கு அங்கே முதலில் தெரிவது உழைப்பு. ஆறு கற்குடில்கள், இரண்டு செபக்கூடங்கள். எதிலும் சாந்து கிடையாது. வரிசைக்கு வரிசை கல்லைச் சற்றே உள்ளே தள்ளி வைத்துக்கொண்டே போய், உச்சியில் சேர்த்து மூடியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தேன்கூடு போல உருண்டை. உள்ளே போனால் நாற்கோண அறை. ஒவ்வொரு கல்லையும் வெளிப்புறமாகச் சாய்த்து வைத்ததால் மழைநீர் உள்ளே கசியாமல் வழிந்துவிடும். பெரிய குடில் சுமார் 5 மீட்டர் உயரம். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அட்லாண்டிக் புயல்கள் அடித்தும் நிற்கிறது. பின்னாளில் சாந்து பூசிக் கட்டிய புனித மிக்கேல் ஆலயம்தான் இடிந்து கிடக்கிறது!

குடில்களுக்குத் தரை வேண்டுமே? சரிவில் தாங்குசுவர் எழுப்பி, பின்னால் கல்லும் மண்ணும் கொட்டிச் சமதளம் செய்தார்கள். அதே முறையில் ஒரு தோட்டமும் போட்டார்கள். தெற்கு வெயில் படும்படியும் காற்று தாக்காதபடியும் இடம் பார்த்திருக்கிறார்கள். தீவில் ஊற்று கிடையாது. பாறைமேல் விழும் மழைநீரை வழிப்படுத்தித் தொட்டிகளில் சேர்த்தார்கள். மீன், கடற்பறவைகள், அவற்றின் முட்டைகள், தோட்டத்துக் காய்கறி, இவ்வளவுதான் சாப்பாடு. செபம் செய்ய நேரம் கிடைக்க வேண்டுமானால் முதலில் இத்தனையும் நடந்தாக வேண்டும்.

தெற்குச் சிகரத்தில் இன்னும் கடினமான ஒன்று இருக்கிறது. கலை வரலாற்றாசிரியர் வால்டர் ஹார்னும் அவரோடு இருந்தவர்களும் 1980களில் அதை ஆராய்ந்து, 1990இல் நூலாக வெளியிட்டார்கள். உச்சியை ஒட்டிய குறுகிய பாறை விளிம்புகளில் தாங்குசுவர், ஒரு சின்னஞ்சிறு செபக்கூடம், நீர் சேரப் பாறையில் குடைந்த குழிகள். மடத்து வாழ்க்கையே கூட்டமாகத் தோன்றிய யாரோ ஒருவர் தனியே போய் வாழ்ந்த இடம் அது. அங்கே கல் தூக்கிப் போனவர்களின் காலடியில் இருந்தது வெறும் ஆகாயம். பயணிகளுக்கு இப்போது அனுமதி இல்லை.

இவ்வளவு எட்டாத இடத்தையும் வைக்கிங்குகள் விடவில்லை. 824ஆம் ஆண்டுக் குறிப்பாக அல்ஸ்டர் ஆண்டேடு ஒரு செய்தியைப் பதிந்திருக்கிறது: ஸ்கெல்லிக்கின் எட்கலை அவர்கள் பிடித்துப் போனார்கள், பசியாலும் தாகத்தாலும் அவர் இறந்தார். அவரைப் பற்றி நமக்குக் கிடைத்தது அந்த ஒரு வரி மட்டுமே. மடம் அதன் பிறகும் தொடர்ந்தது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் குளிரும் புயலும் கூடின, திருச்சபை அமைப்பும் மாறியது. துறவிகள் கரையிலுள்ள பாலின்ஸ்கெல்லிக்ஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். யாத்திரிகர்கள் மட்டும் பல நூற்றாண்டுகள் வந்துகொண்டே இருந்தார்கள்.

1820களில் இரண்டு கலங்கரை விளக்கங்கள் கட்டப்பட்டன. காவலர்கள் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். 1860களில் ஒரு காவலரின் இரண்டு குழந்தைகள் இறந்தபோது, பழைய ஆலயத்தின் உள்ளேயே அடக்கம் செய்தார்கள். 1987இல் விளக்கு தானியங்கியானதும் கடைசிக் காவலரும் கரையேறினார்.

மனிதர்கள் வந்தும் போயும் இருக்க, பறவைகள் வந்தவண்ணம் இருக்கின்றன. வசந்தத்தில் ஆயிரக்கணக்கான பஃபின்கள் கரையேறி மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். வண்ண அலகும் கறுப்பு வெள்ளை உடலுமாகப் படியோரம் நின்று ஆட்களை உற்றுப் பார்க்கும். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லாமே கடலுக்குப் போய்விடும். அருகிலுள்ள லிட்டில் ஸ்கெல்லிக்கில் சுமார் 35,000 இணை கேனட் பறவைகள். பாறையே வெள்ளையாகத் தெரியும், அங்கே யாரும் இறங்கக் கூடாது. பகல் பயணிகள் பார்க்க முடியாதவை ஸ்டார்ம் பெட்ரல்கள். உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பறவைகள் இருட்டியபின்தான் கூடு திரும்பும். கூடு எங்கே? துறவிகள் சாந்தில்லாமல் அடுக்கிய சுவர்களின் இடுக்குகளில்! அவர்கள் விட்ட இடைவெளிகள் இன்று பறவைகளுக்கு வீடு.

1996இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. 2014இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படக்குழு வந்தது. கூடு கட்டும் காலத்தில் படப்பிடிப்பா என்று பறவை ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பேன். திரைப்படத்துக்குப் பிறகு தீவுக்கு வர விரும்புவோர் பெருகினார்கள். ஆனால் ஒரு நாளைக்கு இறங்க அனுமதி சுமார் 180 பேருக்கே. சிலர் இதைத் தளர்த்தச் சொல்கிறார்கள். கூடாது. சாந்தில்லாத படிக்கட்டில் ஒவ்வொரு காலடியும் கல்லை அசைக்கிறது. படியோர மண்ணுக்கு அடியில் பஃபின் குஞ்சு இருக்கிறது. மடமும் பறவைகளும் இத்தனை காலம் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம், அங்கே போவது எளிதாக இல்லை என்பதுதான்.

அடுத்த வாரம் ஸ்காட்லாந்தின் அயோனா. 806இல் வைக்கிங்குகள் அந்த மடத்தைச் சேர்ந்த 68 பேரைக் கொன்றார்கள்.

(தொடரும்)